அளந்தறிந்த அறிஞர் இப்னுல் ஹைதம்

அளவு என்னும் சொல் தமிழில் இருபொருள் தந்து நிற்பது. ஒரு பொருளின் நீளத்தையும் பரப்பையும் கொள்ளளவையும் கணக்கிட்டுக் கூறுவது ஒரு பொருள். தன் ஆற்றலின் எல்லையை உணர்ந்து அதற்குள் நிற்பது மற்றொரு பொருள். முதற்பொருளில் உலகுக்கு ஆசானாகவும், இரண்டாம் பொருளைத் தாமே பட்டுத் தெளிந்தவராகவும் விளங்கிய பேரறிஞர் ஒருவரின் வாழ்க்கையை ஈண்டுக் காண்போம். அவரே அபூ அலீ அல்-ஹஸன் இப்னுல் ஹைதம்.

ஐரோப்பியர் தம் நாவுக்கேற்ப அவரை அல்ஹாஸன் என்றழைத்தனர். ஒளி கண்ணிலிருந்து புறப்பட்டுச் சென்று பொருளைத் தொடுவதில்லை, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணை அடைகிறது என்று சோதனைகளோடு நிறுவிய 'கிதாபுல் மனாஸிர்' என்னும் ஏழு பாகங்கள் கொண்ட ஒளியியல் நூலின் ஆசிரியர் என்று அவரைப் பலரும் அறிவர். திண்மங்களின் கன அளவைக் காண்பதில் அவர் நிகழ்த்திய அருஞ்செயலை அறிந்தோர் நம்மிடையே சிலரே. இக்கட்டுரை அச்செயலையும், அதனோடு இணைத்தெண்ணத்தக்க அவருடைய வாழ்வையும் கூற முற்படுகிறது.

பஸராவில் பிறப்பு

இப்னுல் ஹைதம் ஹிஜ்ரி 354-ஆம் ஆண்டளவில், அதாவது கி.பி. 965 அளவில், இராக் நாட்டின் பஸரா நகரில் பிறந்தார். அந்நாளில் பஸரா வணிகத்தாலும் கல்வியாலும் சிறந்த துறைமுக நகரம். கிரேக்க அறிஞர்களாகிய யூக்ளிட், ஆர்க்கிமிடீஸ், அப்பல்லோனியஸ், தாலமி ஆகியோரின் நூல்கள் ஏற்கெனவே அரபு மொழியில் பெயர்க்கப்பட்டிருந்தன. அவற்றைக் கற்றதோடு நில்லாமல், திருத்தியும் விரித்தும் எழுதும் அறிஞர் கூட்டம் இராக்கில் வளர்ந்திருந்தது. அச்சூழலில் வளர்ந்த இப்னுல் ஹைதம் கணிதத்திலும் வானியலிலும் இயற்பியலிலும் ஆழ்ந்த புலமை பெற்றார்.

அவருடைய வாழ்க்கையை நமக்கு எழுதிவைத்தவர்களுள் முதன்மையானவர் இருவர். ஒருவர் 1248-இல் மறைந்த அல்-கிஃப்தீ. மற்றவர் 1270-இல் மறைந்த இப்னு அபீ உஸைபிஆ. இருவர் கூற்றும் எல்லா இடங்களிலும் ஒத்துச் செல்வதில்லை. பஸராவில் அரசுப்பணியில் இருந்த அவர் கல்விக்கே தம்மை ஒப்படைக்க விரும்பி, பித்துற்றவர்போல் நடித்து அப்பணியிலிருந்து விடுபட்டார் என்று பின்னவர் ஒரு செய்தியைத் தருகிறார். முன்னவர் கூறும் வரலாறோ நைல் நதிக்கரையில் தொடங்குகிறது. உலகம் பெரிதும் அறிந்தது இவ்வரலாறே.

நைல் நதியும் ஒரு சொல்லும்

மிஸ்ரு நாட்டின் உயிர்நாடி நைல் நதி. ஆண்டுதோறும் வரும் வெள்ளம் குறைந்தால் பஞ்சம், மிகுந்தால் அழிவு. ஆகவே வெள்ளத்தின் உயரத்தை முழக்கணக்கில் அளக்க கெய்ரோவின் ரவ்ளா தீவில் 861-ஆம் ஆண்டிலேயே ஓர் அளவுத் தூண் நிறுவப்பட்டிருந்தது. நீர் எத்தனை முழம் ஏறியது என்பதைக் கண்டே நாட்டின் வரியும் வாழ்வும் கணிக்கப்பட்டன.

இந்நதியின் நிலையைக் கேள்வியுற்ற இப்னுல் ஹைதம், தாம் மிஸ்ரில் இருப்பின் நைலின் வெள்ளம் மிகினும் குறையினும் மக்களுக்குப் பயன்படுமாறு அதை நெறிப்படுத்தியிருக்கக் கூடும் என்று கூறியதாக அல்-கிஃப்தீ எழுதுகிறார். அச்சொல் காற்றில் கரையவில்லை. அந்நாளில் மிஸ்ரை ஆண்ட ஃபாத்திமிய கலீபா அல்-ஹாகிமின் செவிக்கு அது எட்டியது. 996 முதல் 1021 வரை ஆட்சி செய்த அல்-ஹாகிம், அறிஞர்களைப் போற்றிக் கெய்ரோவில் அறிவு இல்லம் ஒன்றை நிறுவியவர். அமைச்சர்களையே கொலைத் தண்டனைக்கு உட்படுத்திய கடுமையும் அவரிடம் இருந்தது. அவர் அறிஞரை அழைப்பித்தார். நகருக்கு வெளியே தாமே சென்று எதிர்கொண்டு பெருமை செய்தார். வேண்டிய ஆட்களையும் பொருளையும் அளித்து நைலின் தென்புறம் அனுப்பிவைத்தார்.

இப்னுல் ஹைதம் நதியோடு மேல்நோக்கிப் பயணம் செய்தார். வழிநெடுகிலும் பழைய எகிப்தியர் எழுப்பிய மாபெரும் கட்டடங்கள் நின்றன. அவற்றின் திட்பமும் வடிவியல் ஒழுங்கும் அவருள் ஓர் ஐயத்தை எழுப்பின. இத்துணைக் கணக்கறிந்து கல்லை அடுக்கிய மக்கள், நதியைத் தடுத்து நிறுத்தல் இயலுமெனின் அதைச் செய்யாது விட்டிருப்பரோ? அஸ்வானுக்கு அருகே நீர் பாறைகளிடையே விழுந்தோடும் ஜனாதில் என்னுமிடத்தை அடைந்து, அங்குள்ள நிலையை நேரிற் கண்டு ஆராய்ந்தார். தாம் நினைத்தது அந்நாளைய ஆற்றலால் முடியாதது என்பது தெளிவாயிற்று.

இவ்விடத்தில் அவர் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஏதோ ஒரு வேலையைத் தொடங்கி, பொருளைச் செலவிட்டு, ஆண்டுகளைக் கடத்துவது ஒரு வழி. திரும்பிச் சென்று, தம் சொல் பிழை என்று அஞ்சத்தக்க மன்னரிடமே ஒப்புக்கொள்வது மற்றொன்று. அவர் இரண்டாவதைத் தேர்ந்தார். வெட்கத்தோடு திரும்பித் தம் இயலாமையைக் கூறினார். கலீபா அதை ஏற்றுக்கொண்டு அவருக்கு ஓர் அரசுப்பணி தந்தார்.

ஆயினும் மன்னரின் மனநிலை எக்கணம் எவ்வாறு மாறும் என்று கூறுதற்கில்லை. உயிருக்கு அஞ்சிய அறிஞர் பித்துற்றவர்போல் நடித்தார் என்றும், அவருடைய உடைமைகள் அரசின் பொறுப்பில் வைக்கப்பட, அவர் தம் இல்லத்திலேயே காவலில் இருந்தார் என்றும் அல்-கிஃப்தீ கூறுவர். 1021-ஆம் ஆண்டில் அல்-ஹாகிம் முகத்தம் குன்றுகளின் பக்கம் இரவில் சென்றவர் மீளவில்லை. அதன் பின்னரே அறிஞர் தம் நடிப்பைக் கைவிட்டு வெளிவந்தார்.

வெளிவந்தவர் பதவி எதையும் நாடவில்லை. அல்-அஸ்ஹர் பள்ளிவாசலின் அருகே ஒரு சிறு இடத்தில் தங்கினார். யூக்ளிடின் வடிவியல் நூல், தாலமியின் வானியல் நூல் போன்றவற்றை ஆண்டுக்கு ஒருமுறை தம் கையால் படியெடுத்து 150 தீனாருக்கு விற்று, அவ்வருவாயில் எளிய வாழ்வு நடத்தினார். மீந்த பொழுதெல்லாம் ஆராய்ச்சிக்கும் எழுத்துக்குமே உரியதாயிற்று.

திண்மத்தை அளத்தல்

இனி அவருடைய கணித அருஞ்செயலுக்கு வருவோம். அதை அறிய உயர்கணிதம் வேண்டுவதில்லை. வெள்ளரிக்காயை நறுக்கிப் பார்த்திருத்தல் போதும்.

பெட்டியின் கன அளவைக் காண்பது எளிது. அடிப்பரப்பை உயரத்தால் பெருக்கினால் முடிந்தது. உருளைக்கும் அவ்வாறே. ஆனால் பக்கங்கள் வளைந்து, இடத்துக்கிடம் பருமன் மாறும் ஒரு திண்மத்தை எவ்வாறு அளப்பது? அதை மெல்லிய வில்லைகளாக நறுக்கினால், ஒவ்வொரு வில்லையும் ஏறத்தாழ ஒரு சிறு உருளையே. அவ்வில்லையின் முகப்பரப்பை, அதாவது குறுக்குவெட்டுப் பரப்பை, அதன் தடிப்பால் பெருக்கி, எல்லா வில்லைகளையும் கூட்டினால் திண்மத்தின் கன அளவு ஏறத்தாழக் கிடைக்கும். வில்லைகள் மெலிய மெலியப் பிழையும் மெலியும். இன்று கல்லூரி வகுப்பில் தொகை நுண்கணிதத்தின் குறியீட்டைக் கொண்டு மாணவர் இரண்டே வரிகளில் செய்து முடிப்பது இதுவே.

குறியீடு இல்லாத காலத்தில் இப்பணி கடினமானது. கூம்பு தன்னைச் சூழ்ந்த உருளையில் மூன்றில் ஒரு பங்கு என்பதையும், கோளம் தன்னைச் சூழ்ந்த உருளையில் மூன்றில் இரண்டு பங்கு என்பதையும் கிரேக்கர் நிறுவியிருந்தனர். பரவளையம் என்னும் வளைகோட்டைச் சுழற்றினால் உண்டாகும் திண்மத்தை இஸ்லாமிய உலகில் முதலில் ஆராய்ந்தவர் 901-இல் மறைந்த ஸாபித் இப்னு குர்ரா. ஆர்க்கிமிடீஸும் இத்திண்மத்தை ஆராய்ந்தவரே. எனினும் அவருடைய அந்நூல் அரபு அறிஞர்களின் கைக்கு எட்டியதாகத் தெரியவில்லை. ஸாபித்துக்குப் பின் அபூ ஸஹ்ல் அல்-கூஹீ அதே முடிவைச் சுருக்கமாக நிறுவினார்.

இவ்விருவர் நூல்களையும் கற்ற இப்னுல் ஹைதம் நிறைவு கொள்ளவில்லை. ஸாபித்தின் வழி நீண்டது, கடினமானது; அல்-கூஹீயின் வழி எளிது, ஆயினும் ஒரு வகைத் திண்மத்தையே தொடுகிறது என்று கண்டார். பரவளையத்தை அதன் அச்சைச் சுற்றிச் சுழற்றுவது முதல் வகை. அச்சுக்குச் செங்குத்தான அடிக்கோட்டைச் சுற்றிச் சுழற்றுவது இரண்டாம் வகை. இவ்விரண்டையும் அளக்கவே அவர் தனியொரு நூல் எழுதினார்.

முதல் வகை

முதல் வகைத் திண்மம் கவிழ்த்து வைத்த குழிந்த கிண்ணம் போன்றது. பரவளையத்தின் இயல்பு யாதெனில், உச்சியிலிருந்து கீழே செல்லச் செல்ல ஆரத்தின் வர்க்கம் தொலைவுக்கு நேர்விகிதத்தில் பெருகும். ஆகவே உயரத்தைப் பத்துச் சம பங்குகளாக்கி வெட்டினால், வட்டமுகங்களின் பரப்புகள் 1, 2, 3 எனத் தொடங்கி 10 வரை செல்லும்.

திண்மத்துக்கு வெளியே சற்று நீட்டிக்கொண்டிருக்குமாறு வில்லைகளை அமைத்தால் மொத்தம் 55. உள்ளே அடங்குமாறு அமைத்தால் 45. சூழ்ந்த உருளையோ 10 பரப்புடைய 10 வில்லைகள், அதாவது 100. எனவே திண்மம் உருளையில் நூற்றில் 45-க்கும் 55-க்கும் இடையில் உள்ளது. நூறு வில்லைகளாக்கினால் அது நூற்றில் 49.5-க்கும் 50.5-க்கும் இடைப்படும். ஆயிரமாக்கினால் 49.95-க்கும் 50.05-க்கும் இடைப்படும். பாதி என்னும் விடை தானே முகங்காட்டுகிறது.

ஆயினும் நெருங்கி வருவது வேறு, நிறுவுவது வேறு. இப்னுல் ஹைதம் நெருக்கத்தோடு மனநிறைவு அடையவில்லை. திண்மம் பாதியை விட மிகுதி என்று ஒருவர் கூறுவதாகக் கொள்வோம். அம்மிகை எத்துணைச் சிறிதாயினும் ஆகுக. வில்லைகளை மேலும் மேலும் பாதியாக்கிச் சென்றால், உள்ளடுக்குக்கும் வெளியடுக்குக்கும் உள்ள வேறுபாடு அம்மிகையினும் சிறிதாகிவிடும். அப்போது உள்ளடுக்கே பாதியை விஞ்ச வேண்டும். ஆனால் உள்ளடுக்கு எப்போதும் பாதிக்குக் குறைந்ததே. ஆகவே அக்கூற்று பொய். பாதியை விடக் குறைவு என்பாரையும் வெளியடுக்கைக் கொண்டு இவ்வாறே மறுக்கலாம். மிகுதியும் அன்று, குறைவும் அன்று எனின், பாதியே என்பது ஐயத்துக்கிடமின்றி நிலைபெறுகிறது.

இரண்டாம் வகை

உண்மையான அரிய பணி இரண்டாம் வகையில் உள்ளது. அடிக்கோட்டைச் சுற்றிப் பரவளையத்தைச் சுழற்றினால், நடுவில் பருத்து இருமுனையும் கூர்ந்த கதிர்த்தண்டு போன்ற திண்மம் தோன்றும். நடுவிலிருந்து ஒரு முனை வரை உள்ள பாதியைப் பத்துப் பங்காக்குவோம். வெட்டுமுகங்களின் ஆரங்கள் நடுவில் 100 எனத் தொடங்கி 99, 96, 91, 84, 75, 64, 51, 36, 19 என இறங்கி முனையில் பூஜ்யமாகும். அதாவது 100-இலிருந்து 1, 4, 9, 16 என வர்க்க எண்கள் கழிகின்றன. பரப்போ ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே வர்க்கங்களை மீண்டும் வர்க்கமாக்க வேண்டியதாகிறது. நான்காம் அடுக்குகள் கணக்கினுள் நுழைகின்றன. 1, 16, 81, 256 எனச் செல்லும் எண்களின் கூட்டுத்தொகைக்கு ஒரு விதி தெரியாமல் இவ்வில்லைகளை எண்ணிக்கை எதுவாயினும் கூட்டிக் காட்ட இயலாது.

அவ்விதியை இப்னுல் ஹைதம் தாமே கண்டார். எண்களைச் செவ்வகப் பட்டைகளாகக் கருதி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அவ்வடுக்கைப் பெரிய செவ்வகம் ஒன்றனுள் அடக்கினார். 1, 2, 3, 4 என்னும் எண்களைக் கொண்டு பார்த்தால் கருத்து விளங்கும். அவற்றின் கூட்டுத்தொகை 10. அதை அடுத்த எண்ணாகிய 5-ஆல் பெருக்கினால் 50. இந்த 50 இரண்டு பகுதிகளால் ஆனது. ஒன்று வர்க்கங்களின் கூட்டுத்தொகை: 1, 4, 9, 16 சேர்ந்து 30. மற்றொன்று படிப்படியான கூட்டல்களின் தொகை: 1, 3, 6, 10 சேர்ந்து 20. ஆகவே எண்களின் கூட்டுத்தொகை தெரிந்தால் வர்க்கங்களின் கூட்டுத்தொகை கிடைக்கும். அதிலிருந்து கனங்களின் கூட்டுத்தொகை. அதிலிருந்து நான்காம் அடுக்குகளின் கூட்டுத்தொகை. ஒரு படியில் நின்று அடுத்த படியில் கால் வைக்கும் ஏணி இது. அவருக்கு வேண்டியது நான்காம் படி; ஏணியோ எத்தனை படிக்கும் செல்லவல்லது.

இவ்வேணியின் துணையால் அவர் பெற்ற விடை, திண்மம் தன்னைச் சூழ்ந்த உருளையில் பதினைந்தில் எட்டுப் பங்கு என்பது. நம் பத்து வில்லைகளைக் கூட்டிப் பார்த்தால் உள்ளடுக்கு உருளையில் நூற்றில் 48.333, வெளியடுக்கு 58.333. பதினைந்தில் எட்டு என்பது நூற்றில் 53.333; இரண்டுக்கும் இடையே அமைகிறது. முன்போலவே, மிகுதி என்பாரையும் குறைவு என்பாரையும் மறுத்து அவர் அதை முழுதும் நிறுவினார்.

பெருமையின் அளவு

இந்நூல் பெற்ற வரலாறும் அறியத்தக்கது. அவருடைய ஒளியியல் நூல் லத்தீனில் பெயர்க்கப்பட்டு, 1572-இல் பாஸல் நகரில் அச்சேறி, ஐரோப்பிய அறிவியலை வளர்த்தது. பரவளையத் திண்மம் பற்றிய நூலுக்கு அப்பேறு கிட்டவில்லை. ஐரோப்பாவில் கெப்ளர் 1615-இல் மதுப்பீப்பாய்களின் கொள்ளளவைப் பற்றியும், கவலியேரி 1635-இல் வெட்டுமுகங்களைக் கொண்டு திண்மங்களை ஒப்பிடும் முறையைப் பற்றியும் எழுதினர். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் நியூட்டனும் லைப்னிஸும் நுண்கணிதத்தைப் பொது முறையாக வகுத்தனர். இப்னுல் ஹைதமின் நூலோ லண்டனில் இந்தியா அலுவலக நூலகத்துக் கையெழுத்துப் படியிலிருந்து 1912-இல்தான் சூட்டர் என்னும் அறிஞரால் ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு வெளிவந்தது.

நம் மேடைகளில் இவரைப் போன்றோரைப் பற்றிப் பேசுங்கால், நுண்கணிதத்தை நியூட்டனுக்கு அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே இவர் கண்டுபிடித்துவிட்டார் என்று கூறிக் கைதட்டல் பெறும் வழக்கம் உண்டு. கேட்பதற்கு இனிமையாயினும் அது மிகையே. வில்லைகளைக் கூட்டுவதும் உள்ளும் புறமும் நெருக்கி நிறுவுவதும் கிரேக்கரிடம் தொடங்கியவை. எல்லா வளைகோடுகளுக்கும் பொதுவான முறையை இப்னுல் ஹைதம் வகுக்கவில்லை. தொகையிடலும் வகையிடலும் ஒன்றுக்கொன்று எதிர்ச்செயல் என்னும் உண்மை அவர் நூலில் இல்லை. மற்றொரு புறம், இடைக்கால முஸ்லிம் அறிஞர் கிரேக்க நூல்களைப் பாதுகாத்து ஐரோப்பாவுக்குக் கைமாற்றியவர் மட்டுமே என்று எழுதுவாரும் உளர். அது குறைவு. நான்காம் அடுக்குகளின் கூட்டுத்தொகையும் பதினைந்தில் எட்டு என்னும் விடையும் அவர் தம் சொந்த உழைப்பால் பெற்றவை.

மிகையும் பொய், குறைவும் பொய் என இரண்டையும் விலக்கி நடுவே உள்ள மெய்யைக் காண்பதன்றோ அவர் காட்டிய வழி! அவ்வழியை அவருடைய புகழுக்கும் பொருத்திப் பார்ப்பதே அவருக்குச் செய்யும் உண்மையான மரியாதை. அளந்து பாராமல் சொன்ன ஒரு சொல்லின் விலையை நைல் நதிக்கரையில் அவரைவிட நன்கு அறிந்தவர் யார்? தாலமியின் மீது எழுப்பிய ஐயங்களைத் தொகுத்த நூலில், முன்னோர் நூலைக் கற்பவர் அதை நம்பி அமைந்துவிடலாகாது. அதை எல்லாப் பக்கமும் ஆராய வேண்டும். ஆராயுங்கால் தம் அறிவையும் ஐயுற வேண்டும் என்னும் கருத்தை அவர் வற்புறுத்தினார். தாலமிக்குப் பொருந்தும் அவ்விதி அவருக்கும் பொருந்தும். அவரைப் போற்றும் நமக்கும் பொருந்தும்.

இப்னுல் ஹைதம் 1040 அளவில் கெய்ரோவில் மறைந்தார். அவர் முடியாதெனத் திரும்பிய அஸ்வானுக்கு அருகே 1902-இல் ஓர் அணையும், 1970-இல் பேரணையும் கட்டிமுடிக்கப்பட்டன. ஆகவே அவர் கண்ட கனவு பிழையன்று. அவர் காலத்தின் கருவிகளே போதாவாயின. 2003-இல் வெளியான இராக் நாட்டின் பத்தாயிரம் தீனார் தாளில் அவர் உருவம் இடம்பெற்றது. 2015-ஆம் ஆண்டை உலக ஒளி ஆண்டாகக் கொண்டாடியபோது யுனெஸ்கோ நிறுவனம் அவரை நினைவுகூர்ந்தது. நிலவின் முகத்தில் உள்ள ஒரு பள்ளமும் அவர் பெயர் தாங்கி நிற்கிறது.

மாணவச் செல்வங்களே! ஆண்டுக்கு 150 தீனார் வருவாயில், பிறர் நூல்களைப் படியெடுத்துப் பிழைத்த ஒருவர், அப்பிறர் காணாத ஒன்றைக் கண்டார். வகுப்பில் தொகையீட்டுக் குறியை எழுதும்போது, அதன் கீழே அடுக்கப்பட்டிருக்கும் வில்லைகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அவற்றுள் சில கெய்ரோ நகரில், அல்-அஸ்ஹரின் நிழலில், பொறுமையோடு அடுக்கப்பட்டவை. அவற்றைக் கூட்டாமலும் குறைக்காமலும் அறிந்து பெருமை கொள்வோம்; அதற்குமேல் ஒரு வில்லையேனும் நம் உழைப்பால் சேர்ப்போம்.